அகராதியில் ஒரு தாள் குறைகிறது

காலை ஒன்பது மணி. வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்சுகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நாகர்கோவில் பயிற்சி மையம் அது. ஆசிரியை ராஜி ஆங்கில-தமிழ் அகராதியைத் திறந்தாள். ஒரு தாளைக் காணோம். முந்தைய பக்கம் ‘கன்ஃபர்’ என்ற வார்த்தையோடு முடிந்தது. அடுத்தது ‘கன்சென்ட்’டில் தொடங்கியது.

“நேத்து கடைசியா எடுத்தது யாரு?” உரிமையாளர் பத்மகுமார் கேட்டார். துபாயில் பல வருடம் இருந்தவர். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர்.

“நான்தான் சாரே. ஆனா கிழிக்கல்ல,” என்றாள் டெல்சி, ராஜாக்கமங்கலத்து மீனவர் வீட்டுப் பெண்.

“மேடம், அவ பையைக் கொட்டிப் பாருங்க,” என்று பத்மகுமார் ராஜியிடம் சொன்னார்.

ராஜி கொட்டினாள். சோற்றுப் பாத்திரம், ஜெபமாலை, நாப்கின் பாக்கெட். ஆண் மாணவர்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தாள் இல்லை. டெல்சி அழாமல் எல்லாவற்றையும் பொறுக்கினாள். ராஜிக்குக் கூசியது.

“எங்கயாம் ஒளிச்சிருப்பா. மத்தியானம் இன்டர்வியூவுக்கு இவ வேண்டாம்,” என்றார் பத்மகுமார்.

டெல்சி இரண்டு வருடமாகக் காத்திருந்த இன்டர்வியூ.

பதினோரு மணிக்கு, இன்டர்வியூ எடுக்க வரப்போகும் விருந்தினர்களுக்கான வரவேற்புரையைப் பத்மகுமார் ஒத்திகை பார்த்தார். எங்கள் மாணவர்களுக்குக் கான்ஃபிடன்ஸ் உண்டு, தேர்ச்சி கன்ஃபர்ம், உங்களைக் கங்கிராஜுலேட் செய்கிறேன், நாம் கனெக்ட் ஆவோம், உலகைக் கான்கர் செய்வோம், கான்ஷியன்ஸோடு நடப்போம். மாணவர்கள் கைதட்டினார்கள். ராஜி தட்டவில்லை. அவர் பின்னாலேயே அவர் அறைக்குப் போனாள்.

“சாரே, அந்தத் தாளைத் தாங்க.”

“எந்தத் தாளு?”

“பேச்சுல ஆறு பெரிய வார்த்தை. ஆறும் ‘சி-ஓ-என்’ எழுத்துல தொடங்குது. சும்மா பேசினா முன்னும் பின்னுமா வரும். உங்களுக்கு அகராதி வரிசை பிசகாம வந்துது. ஆறும் காணாமப்போன தாளுல உள்ளது.”

“ஃபோன்ல பாத்திருப்பேன்.”

“தெரிஞ்ச வார்த்தையைத்தான் ஃபோன்ல தேடலாம். எது வேணும்னே தெரியாட்டா தாளைத்தான் கிழிக்கணும்.”

பத்மகுமார் கோட்டின் உள்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். நிமிரவில்லை.

“துபாயில அடுக்களை வேலைதான் மேடம். மலையாளம் பேசியே காலம் போச்சு. பிள்ளையள்கிட்ட போய் அகராதி கேக்க வெக்கமா இருந்துது.”

ராஜி தாளை விரித்தாள். “இந்த வார்த்தையை மட்டும் விட்டுட்டிய.” அவள் விரல் ‘கன்ஃபெஸ்’ மேல் இருந்தது. பக்கத்தில் அச்சடித்திருந்தது: ஒப்புக்கொள்.

வாசலில் டெல்சி நின்றிருந்தாள். “என் பையை எல்லாரும் பாக்கத்தான கொட்ட வச்சிய, சாரே?”

வகுப்பில் பத்மகுமார் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கிழித்தது தான்தான் என்று தமிழில் சொன்னார். அவர் முடித்ததும் ராஜி எழுந்தாள். “கொட்டின கை என் கை. மன்னிச்சிரு மக்கா.”

டெல்சி பையின் வாயை இழுத்து மூடினாள்.

இரண்டு மணிக்கு இன்டர்வியூவுக்கு முதல் ஆளாக அவளைத்தான் கூப்பிட்டார்கள். “பையை இங்க வச்சிட்டுப் போ, நான் பாத்துக்கிடுதேன்,” என்று ராஜி கையை நீட்டினாள். டெல்சி பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.