காயாத ஜல்லி

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஜோகுபாளையத்தில் காந்தாவின் வீட்டு வாசலில் முனிராஜ் வந்து நின்றபோது அவர் தோளில் கருவிப் பை இல்லை. தச்சர் பையில்லாமல் வந்தால் வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம். காந்தாவின் சமையலறை அலமாரி முழுக்க முனிராஜ் செய்ததுதான். ஐந்து வருடத்தில் ஒரு கதவுகூட இறங்கவில்லை. அந்த மரியாதைக்காகவே காந்தா அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்தார்.

காந்தா இன்சூரன்ஸ் சர்வேயர். எரிந்துபோன கடை, நனைந்துபோன சரக்கு என்று யார் நஷ்டஈடு கேட்டாலும் போய்ப் பார்த்து, எரிந்ததா எரித்ததா என்று சொல்லும் வேலை. மாடியில் குடியிருக்கும் டோரீன் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் ஊத ஆளில்லாமல் அலுத்துப் போனதாலோ என்னவோ, காந்தாவின் வீட்டுக்கு யாராவது முகம் வாடி வந்தால் மாடியிலிருந்து முதலில் இறங்கி வருவது அவர்தான். அன்றும் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முனிராஜுக்குப் பொம்மை ரயில் பைத்தியம். பொம்மை என்று சொன்னால் இந்தப் பைத்தியம் உள்ளவர்களுக்குக் கோபம் வரும். மாடல் ரயில் என்று சொல்ல வேண்டும். காக்ஸ் டவுனில் சேஷகிரி என்பவர் வீட்டு மொட்டைமாடி அறையில் ஒரு சங்கம் நடக்கிறது. மின்வாரியத்தில் எஞ்சினியராக இருந்தவர் சேஷகிரி. உறுப்பினர்கள் ஏழு பேரில் அவரையும் சேர்த்து ஆறு பேர் எஞ்சினியர், டாக்டர், ஆடிட்டர், கம்ப்யூட்டர்காரர். ஏழாவது ஆள் ஜீவனஹள்ளி முனிராஜ். அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த ரயில் மேடை முழுவதும் அவர் கைவேலை.

சேஷகிரி நாலு வருடம் உட்கார்ந்து பித்தளையில் ஒரு நீராவி எஞ்சின் செய்திருந்தார். உள்ளங்கை நீளம், உள்ளே ஒரு சின்ன மின்சார மோட்டார். ஞாயிறு சாயந்தரம் நாலு மணிக்குச் சென்னைச் சங்கத்துக்காரர்கள் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. காலை பத்து மணிக்கு எல்லோரும் கூடி அறையைத் திறந்தால், எஞ்சின் இல்லை. பூட்டு பூட்டினபடி இருந்தது. சாவி இரண்டு. ஒன்று சேஷகிரியிடம், இன்னொன்று முனிராஜிடம்.

"சனிக்கிழமை பகல் பன்னெண்டு மணிக்கு நான்தான் கடைசியா பூட்டினேன் மேடம். அப்போ எஞ்சின் மேடை மேல இருக்கற குட்டி ஷெட்லதான் இருந்தது. சேஷகிரி சார் சனிக்கிழமை மேல வரவே இல்லையாம், முட்டி வலியாம். அவர் எஞ்சின அவரே திருடுவாரான்னு பல் டாக்டர் ரங்கநாதன் சார் கேட்டார். அப்புறம் எல்லாரும் என்னப் பாத்தாங்க."

"சேஷகிரி என்ன சொன்னார்?"

"அவர் ஒண்ணும் சொல்லல. சும்மாவே இருந்தார்."

சென்னைக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். திங்கட்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்குச் சங்கம் கூடுகிறது. அதற்குள் எஞ்சின் வராவிட்டால் முனிராஜை நீக்கிவிட்டுப் போலீஸுக்குப் போவதாக முடிவு. காக்ஸ் டவுனில் முனிராஜுக்குக் கிடைக்கும் தச்சு வேலையெல்லாம் இந்த ஆறு பேர் வாய்வழியாக வந்தது. திருட்டுப் பட்டம் கட்டிவிட்டால் எந்த வீட்டு வாசலையும் மிதிக்க முடியாது. அதைச் சொல்லும்போது அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். டோரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. காந்தா மட்டும் காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, சனிக்கிழமை பன்னிரண்டு மணி வரை அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

ஜல்லி போட்டாராம். நிஜ ரயில் பாதை மாதிரியே தண்டவாளங்களுக்கு நடுவே கடுகளவு கருங்கல் பொடியைப் பரப்ப வேண்டும். பிறகு வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு துளி விட்டு, ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். ஊற்றும்போது பால் மாதிரி இருக்கும். மூணு நாலு மணி நேரத்தில் வெள்ளை மறைந்து காய்ந்தது போலத் தெரியும். உள்ளே காய ஒரு நாள் ஆகும். ஒரு நாளைக்கு அதன் மேல் எதுவும் ஓடக் கூடாது. ஓடினால் சக்கரம் பசையை வாரிக்கொண்டு போய்ப் பல்சக்கரங்களுக்குள் பூசிவிடும். அப்புறம் எஞ்சின் கதி அதோகதிதான். இதற்காகவே சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜல்லி போட்டவர், போட்ட உடனே ஒரு படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும். வண்டி ஓட்டப் போகிறவர் முதலில் குழுவைப் பார்க்க வேண்டும்.

"அடுத்த வாரம் போடறதாதான் இருந்தேன். மெட்ராஸ்காரங்க வர்றப்போ பாதை மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்? அதான் சனிக்கிழமையே முடிச்சேன். மறுநாள் மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும். படமும் போட்டேன்."

காந்தா அந்தப் படத்தைப் பார்த்தார். நடைமேடை ஓரப் பாதை பால்வெள்ளையாகத் தெரிந்தது. பின்னால் ஷெட்டில் பித்தளை மினுங்கியது. கீழே கட்டைவிரல்கள் வரிசையாக நின்றன.

பதினோரு மணிக்கு டோரீனின் ஸ்கூட்டர் சேஷகிரி வீட்டு வாசலில் நின்றது. இன்சூரன்ஸ் சர்வேயர் என்றதும் சேஷகிரி மறுப்புச் சொல்லவில்லை. பல் டாக்டர் ரங்கநாதன்கூட அங்கே இருந்தார். மொட்டைமாடிக்குப் போக வெளிப்பக்கம் குறுகலான இரும்பு ஏணிப்படி. சேஷகிரி இரண்டு கைகளிலும் சாவிக்கொத்தும் டார்ச்சும் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல், முன்னால் ஏறிப் போனார். பின்னால் ஏறிய டோரீனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

கதவு ஓரத்தில் ஒரு பிரம்புக் கூடை தொங்கியது. ஜல்லிப் படம் எடுக்கும் நேரம் தவிர, அறைக்குள் போகிறவர்கள் கைபேசியை அதில் போட்டுவிட வேண்டுமாம். சேஷகிரி ஏற்படுத்திய விதி. சுவரில் அவர் கையெழுத்தில் இன்னும் பதினோரு விதிகள் இருந்தன. வேலை செய்கிற இடத்தில் கவனம் சிதறக் கூடாது என்றும், குழுவில் வரும் காலை வணக்கங்களைத் தான் பார்ப்பதேயில்லை, சத்தத்தையே அடைத்துவிட்டேன் என்றும் அவர் பெருமையாகச் சொன்னார்.

காந்தா குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். முனிராஜ் போட்ட ஜல்லி ஷெட் பக்கத்தில் தொடங்கி நடைமேடை கடைசி வரை போனது. பாதி தூரத்துக்கு அப்பால் பொடிக் கற்கள் தண்டவாளத்தை ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஷெட் பக்கத்துப் பாதியில் அப்படியில்லை. இரண்டு தண்டவாளங்களின் உட்பக்கத்திலும் நூல் பிடித்ததுபோல் ஒரு மெல்லிய பள்ளம் ஓடியது. காந்தா நகத்தால் கீறினார். கற்கள் அசையவில்லை, ஒதுங்கின இடத்திலேயே இறுகியிருந்தன. பள்ளம் நடைமேடை நடுவில் சட்டென்று நின்றுவிட்டது.

ரங்கநாதன் தானாகவே பேசினார். அந்த எஞ்சினைத் தனக்குத் தரும்படி மூன்று தடவை கேட்டது உண்மைதான்; சனிக்கிழமை நாலு மணிக்கு வண்ணம் பூசிய பெட்டிகளைக் கொடுக்க வந்ததும் உண்மைதான். ஆனால் கூடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டாராம். சேஷகிரி அப்போது தூங்கிக்கொண்டிருப்பதாக அவர் மனைவி ரமா சொன்னாராம்.

கீழே ரமா மோர் கொடுத்தார். அவருக்கு எஞ்சின் போன கவலையைவிடக் கணவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத கவலை பெரிதாக இருந்தது.

"சனிக்கிழமை சாயந்தரம் முழுக்க முட்டி வலின்னு ரூமை விட்டே வரலை. ஒத்தடம் குடுக்கணும்னு மூணு தடவை வெந்நீர் கேட்டார். பக்கெட்ல தரேன்னேன், வேண்டாம், சாம்பார் கிண்ணத்துல போதும்னுட்டார். என் புது டூத் பிரஷ்ஷை வேற காணோம், இந்த வீட்டுல எது எங்க போறதுன்னே தெரியலை."

வெளியே வந்ததும் டோரீன் தாழ்ந்த குரலில், ஆள் ரங்கநாதன்தான் என்றார். எஞ்சின் மேல் ஆசை, சனிக்கிழமை வருகை, டூத் பிரஷ். பல் டாக்டர் வேறு எதை எடுப்பான்?

"பல் டாக்டர் வீட்டுல பிரஷ்ஷுக்கா பஞ்சம்?" என்று காந்தா கேட்டார். பிறகு முனிராஜுக்குப் போன் போட்டு, சனிக்கிழமைப் படத்தை விரலால் அழுத்திப் பிடித்து, யார் யார் எப்போது பார்த்தார்கள் என்று வரும் பட்டியலை அனுப்பச் சொன்னார்.

ஆறு மணிக்கு ரயில் மேடையைச் சுற்றி உறுப்பினர்கள் ஆறு பேரும் ரமாவும் காந்தாவும் டோரீனும் நின்றார்கள். முனிராஜ் கதவோரமாக நின்றார். அறைக்குள் வரும்போது யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

காந்தா குரலை உயர்த்தவில்லை. "திருட வந்தவன் என்ன பண்ணுவான்? ஷெட்ல இருக்கற எஞ்சினைக் கையால எடுத்துப் பைல போட்டுண்டு போவான். ஓட்டிப் பாக்க மாட்டான். ஆனா இந்த எஞ்சின் ஓடியிருக்கு. ஷெட்டை விட்டுக் கிளம்பி, நடைமேடை நடுவுல நின்னுபோயிருக்கு. சக்கரத்தோட விளிம்பு ஜல்லியை ஒதுக்கின தடம் இங்க இருக்கு. பசை ஈரமா இருக்கறப்போ விழுந்த தடம், அப்படியே காஞ்சுபோச்சு. அதனால இது நடந்தது சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல."

ஆடிட்டர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். தடம் இருந்தது. இத்தனை ரயில்காரர்கள் ஒரு நாளெல்லாம் சுற்றி நின்றும் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தவர்கள் தரையைப் பார்ப்பதில்லை.

"ஈர ஜல்லின்னு தெரிஞ்சிருந்தா உங்கள்ல யாரும் ஓட்டியிருக்க மாட்டீங்க. முனிராஜுக்குத் தெரியும், போட்டதே அவர். ரங்கநாதன் பன்னெண்டு பத்துக்குப் படத்தைப் பாத்துட்டார். மத்த நாலு பேரும் ஒரு மணிக்குள்ள பாத்தாச்சு. ஒருத்தர் மட்டும் ஞாயித்துக்கிழமை காலைல பத்தேகாலுக்குத்தான் பாத்திருக்கார். எஞ்சின் காணோம்னு எல்லாரும் குழுவைத் திறந்தப்போ."

ரமாதான் முதலில் கணவர் பக்கம் திரும்பினார்.

"கியர்ல ஒட்டின பசையை எடுக்கச் சின்னப் பிரஷ்ஷும் கொஞ்சம் வெந்நீரும் வேணும்," என்றார் காந்தா. "முட்டிக்கு ஒத்தடம் குடுக்க சாம்பார் கிண்ணம் போதாது சார். அந்த முட்டியோட நீங்க காலைல எனக்கு முன்னாடி படியேறினதையும் பாத்தேன்."

சேஷகிரி கீழே போய், ஒரு துண்டில் சுற்றியதைக் கொண்டுவந்து மேடைமேல் வைத்துப் பிரித்தார். பித்தளை எஞ்சின் சக்கரங்கள் கழற்றப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் ரமாவின் டூத் பிரஷ்.

சென்னைக்காரர்கள் முன்னால் எஞ்சின் திக்கிவிடுமோ என்ற பயத்தில், சனிக்கிழமை மூன்றரை மணிக்கு, எல்லோரும் தூங்கும் நேரத்தில், ஒரு தடவை தனியாக ஓட்டிப் பார்க்கலாம் என்று வந்தாராம். ஜல்லியைப் பார்த்தாராம், முனிராஜ் வாரத்துக்கு நடுவில் போட்டிருப்பான் என்று நினைத்தாராம். விரலால் தொட்டும் பார்த்தாராம். காய்ந்திருந்ததாம். குழுவைத் திறந்து பார்க்கத்தான் தோன்றவில்லையாம். ஊருக்கெல்லாம் விதி எழுதிச் சுவரில் ஒட்டிய மனிதர், தானே அதில் வழுக்கி விழுந்ததை ஆறு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, சுத்தம் செய்துவிட்டு மெதுவாக ஷெட்டில் வைத்துவிடலாம் என்று ஒளித்திருக்கிறார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் கதைதான். ஆனால் அந்தச் சோறு இன்னொருவர் தட்டில் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த டோரீனுக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை.

"உன் பேரை நான் சொல்லவே இல்லை முனிராஜ்," என்றார் சேஷகிரி.

"இல்லன்னும் சொல்லல சார்."

ரங்கநாதன் தொண்டையைக் கனைத்தார். போனது போகட்டும், எஞ்சின் கிடைத்துவிட்டது என்று குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும்போல் இருந்தது.

முனிராஜ் கதவை விட்டு நகரவில்லை.

"கிடைச்சிருச்சுன்னு போட்டா, நான் பயந்துகிட்டு திருப்பி வெச்சதா ஆவும். யார்கிட்ட இருந்துச்சுன்னு போடுங்க. முனிராஜ் எடுக்கலன்னும் போடுங்க. சார் கையாலயே போடணும்."

சேஷகிரி வெளியே போய்க் கூடையிலிருந்து தன் கைபேசியை எடுத்து வந்தார். அந்த அறைக்குள் அவர் கைபேசி வந்தது அதுதான் முதல் தடவை. ஒற்றை விரலால் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். பத்து நிமிடம் ஆனது. யாரும் அவருக்கு உதவவில்லை. அனுப்பியதும் படித்துக் காட்டும்படி முனிராஜ் கேட்டார். படிக்கும்போது தன் பெயர் வந்த இடத்தைச் சேஷகிரி வேகமாகத் தாண்டினார். ரமா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முனிராஜ் முழுவதும் கேட்டு முடித்தார். பிறகுதான் மேடை அருகே வந்தார். துண்டிலிருந்து எஞ்சினை அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பல்சக்கரத்தை நகத்தால் லேசாக நகர்த்தினார். எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மோட்டார் எரியல. கியர்ல மட்டும்தான் பசை. சரியாயிடும்."

சேஷகிரி நிம்மதியாக மூச்சு விட்டு, நாளைக்கு வர முடியுமா என்று கேட்டார்.

முனிராஜ் எஞ்சினைத் துண்டின் மேல் வைத்து, டூத் பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே பண்ணுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.