ஆண்டுக்கு ஒரு மணி நேரம்

குளியலறைத் தரையில் கால் வைத்ததும் உணர்தளம் வழக்கம்போல் வர்ஷினியைப் படித்துச் சொன்னது. வயது எண்பத்தெட்டு. இடது இடுப்பின் பீங்கான் மூட்டு சீராக இருக்கிறது. இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது; காரணம் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள் மகள் இசை, கதவுக்கு வெளியிலிருந்து. "இன்னிக்கு நூத்திப் பதினெட்டு வர்ற நாளு. மயில்கழுத்துச் சேலையை நேத்தே எடுத்து வெச்சாச்சே."

"பேசாம வண்டியை வரச் சொல்லு கண்ணு."

முப்பது ஆண்டுகளுக்கு முன் கோவையில் செயற்கை இடுப்பு மூட்டு ஆய்வு தொடங்கியபோது இருநூறு இணைகள் இருந்தன. ஒவ்வோர் இணையிலும் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே எடையுள்ள இருவர். ஒருவருக்கு மூட்டின் பந்தும் கிண்ணமும் பீங்கான். மற்றவருக்குப் பந்து மட்டும் பீங்கான். கிண்ணத்தின் உள்ளுறை பிளாஸ்டிக். ஆண்டுக்கு ஒருநாள் இருவரும் நடைத்தடத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்து நடக்க வேண்டும். பேசலாம். ஆனால் எண்ணைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும்; பெயரும் ஊரும் சொல்லக் கூடாது, வெளியில் சந்திக்கக் கூடாது. இரண்டு வாழ்க்கைகள் கலந்துவிட்டால் எந்த மூட்டு எதனால் உழைத்தது என்று பிரித்தறிய முடியாதாம். எல்லா வீட்டுத் தரையும் காலடியை வைத்தே ஆளை அறியும் உணர்தளம் ஆகிவிட்ட காலம். மீறினால் அன்றே தெரிந்துவிடும்.

வர்ஷினி கணவரை இழந்தபின் ஆய்வில் சேர்ந்தவள். அவளுடைய இணையான நூற்றுப் பதினெட்டின் மனைவி பதினோராம் ஆண்டில் இறந்துபோனார். அந்த முறை இருவரும் ஒரு சொல்கூடப் பேசாமல் அறுபது நிமிடம் நடந்தார்கள். அவருடைய தளர்ந்த நடைக்கு ஏற்ப அவள் தன் நடையைக் குறைத்துக்கொண்டாள். அதற்குப் பின் வந்த ஒவ்வோர் ஆண்டும் அவளுக்கு அந்த ஒரு நாளை நோக்கியே நகர்ந்தது. இன்று ஆய்வு முடிகிறது. விதியும் முடிகிறது.

அவர் தடத்தில் முன்பே நின்றிருந்தார்.

"ஏனுங்க நூத்திப் பதினேழு, அஞ்சு நிமிஷம் லேட்டு. இடுப்பு மக்கர் பண்ணுதுங்களா?"

"எனக்கு முழுசும் பீங்கான். நீங்க உங்க பிளாஸ்டிக்கைப் பாத்துக்குங்க."

நடந்து முடித்ததும் இளம் மருத்துவர் நிகிலன் ஓட்டமாக வந்தார். "தேய்மானம் ரெண்டு பேருக்குமே ஒரு தலைமுடி கனம்கூட இல்லீங்க. முழுசா மிஞ்சியிருக்கற ஒரே இணை நீங்கதான். இன்னும் பதினஞ்சு வருஷம் ஆய்வை நீட்டிக்கறோம். சார் காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டாரு."

வர்ஷினி மனத்துக்குள் கணக்குப் போட்டாள். இன்னும் பதினைந்து ஆண்டு அதே விதி என்றால் பதினைந்தே மணி நேரம்.

"போட்டுட்டீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "போடலேன்னா இந்த ஒரு மணி நேரமும் போயிடுமேன்னு பயந்துட்டேனுங்க. பேரைக் கேட்டு, நீங்க சொல்லாமப் போயிட்டா?"

"கேட்டுப் பாத்திருக்கலாமில்ல?"

"முப்பது வருஷமா கேக்காமயே பழகிட்டனுங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. அதற்குப் பின்னாலேயே சிரிப்பும் வந்தது. நிகிலனிடம் திரும்பினாள். "நான் விலகிட்டா இவர் கையெழுத்து என்ன ஆகும்?"

"இணை கலைஞ்சிடும். அவரையும் விட்டுருவோம். ஆனா மேடம், இந்த மாதிரித் தரவு இனிக் கிடைக்கவே..."

"முப்பது வருஷத் தரவு குடுத்திருக்கோமே தம்பி. விலகல் படிவத்தைக் குடுங்க."

படிவத்தில் நான்கே காரணங்கள் இருந்தன: மரணம், மூட்டுத் தளர்வு, முறிவு, இடமாற்றம். நான்காவதைக் குறித்தாள். கீழே புதிய முகவரிக்கான கட்டம் காலியாக இருந்தது.

"எங்க மாறிப் போறீங்க?" என்றார் நிகிலன்.

"எனக்கே இன்னும் தெரியாது," என்றாள் வர்ஷினி. "இவர் வீடு எங்கேன்னு கேட்டுச் சொல்றேன்."