வியாழக்கிழமை வந்தது யார்?

“ஐயோ, என் பாஸ்போர்ட்டைக் காணோம்!”

ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்றே முக்கால். தண்ணீர்ப் பூங்காவின் லாக்கர் கூடத்தில் ஈரம் சொட்டச் சொட்ட நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டரும் திரும்பினாள். அன்று அவளுக்கு விடுமுறை. காக்கி இல்லை, தொப்பி இல்லை. தோளில் மகள்களின் இரண்டு துண்டுகள்தான். கூடத்தை ஒட்டிய விசாரணை கவுண்டரில் வெகு நேரமாக ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வருட பாஸ் வாங்கினால் அந்த வருடம் எப்போது தொடங்கும்? பணம் கட்டிய நாளிலிருந்தா, உள்ளே கால் வைத்த நாளிலிருந்தா? சுவர் விளம்பரம் ஒன்று சொன்னது. வாசலில் நின்ற ஆள் வேறொன்று சொன்னான். கவுண்டர் பெண்ணோ “கேட்டுச் சொல்றேன் மேடம்” என்று எடுத்த போனை இன்னும் வைக்கவில்லை. கொலைக் கேஸில்கூட இப்படித் தலை சுற்றியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அலறல்.

கத்தியவள் ஒரு நர்ஸ். திறந்து கிடந்த லாக்கரின் முன்னால் கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். போன் விழுந்தது, பர்ஸ் விழுந்தது, சீப்பு விழுந்தது. பாஸ்போர்ட் மட்டும் விழவில்லை.

“ராத்திரி எனக்கு ஃப்ளைட்டு. வெளிநாட்டுல வேலை. நாளன்னிக்கு ஆஸ்பத்திரில சேரணும்” என்றாள்.

“நான் போலீஸ்தாம்மா. பதறாம சொல்லு. பாஸ்போர்ட்டை எதுக்கு இங்க எடுத்துட்டு வந்த?”

“கையில வந்ததிலிருந்து அதைப் பையை விட்டு எடுத்ததே இல்ல மேடம். தூங்கும்போதும் தலைமாட்டுலதான் இருக்கும். தண்ணில இறங்கறதால இங்க வெச்சேன்.”

லாக்கர் கூடத்தைக் கவனிக்கும் அம்மாள் ஓடி வந்தாள். பூட்டு உடைக்கப்படவில்லை. சுவரில் இருந்த மெஷினில், பாஸ் உள்ளவர்களின் கைப்பட்டையை வைத்தால் அவரவர் லாக்கர் திறக்கும். அதன் திரையில் நர்ஸின் லாக்கர் மூன்று முறை திறந்ததாக இருந்தது. காலையில் பையை வைத்தபோது ஒரு முறை, இப்போது ஒரு முறை, நடுவில் பதினொன்று இருபதுக்கு ஒரு முறை. மூன்றுமே நர்ஸின் பாஸில்.

“பதினொன்னு இருபதுக்கு நீ எங்க இருந்த?”

“மேல, ரப்பர் படகு சறுக்கு வரிசையில. எங்க அத்தானும் கூட இருந்தாரு.”

“பட்டையை யார்கிட்டயாவது கழட்டிக் குடுத்தியா?”

நர்ஸ் மணிக்கட்டை நீட்டினாள். “கழட்டவே முடியாது மேடம். வெட்டினாத்தான் வரும்.”

பட்டை இறுக்கமாக, முழுசாக இருந்தது.

“உங்ககிட்ட பொதுச் சாவி இருக்குமே?” இன்ஸ்பெக்டர் லாக்கர் அம்மாள் பக்கம் திரும்பினாள்.

“இருக்குங்க. ஆனா நான் திறந்தா திரையில சிவப்புல விழும். இது பச்சை. நீங்களே பாருங்க.”

பார்த்தாள். பச்சைதான். பட்டையும் கையும் மலை உயரத்தில் இருக்க, அதே பட்டை கீழே லாக்கரைத் திறந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் ஒன்றும் தெளியவில்லை.

அதற்குள் நர்ஸின் குடும்பம் வந்து சேர்ந்தது. அக்கா, தையல் கடை வைத்திருப்பவள். அம்மா போனதிலிருந்து தங்கையை வளர்த்தவள் அவள்தான். அக்கா புருஷன் எலெக்ட்ரீஷியன். ஈர டவுசரோடு மூச்சிரைக்க வந்தான். கடைசியாக அப்பா, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, தண்ணீரை ஜென்மப் பகையாளியைப் போலப் பார்த்தபடி வந்தார்.

அப்பாவைக் கண்டதும் நர்ஸ் வெடித்தாள்.

“நீங்கதானே? நீங்கதானே எடுத்தீங்க? மூணு மாசமா என்னோட பேசறதில்ல. நான் போறது உங்களுக்குப் பிடிக்கல. இப்ப நிம்மதியா?”

அவர் முகம் கறுத்துவிட்டது. “போகாதேன்னு சொன்னேன். திருடுவேன்னு சொல்லல.”

“அப்பாவைச் சொல்லாதடி” என்று அக்கா நடுவில் வந்தாள். “அவளை அனுப்பியே தீரணும்னு வீட்டுல சண்டை போட்டவ நான்தான் மேடம். எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுங்க.”

“நீங்க ரெண்டு பேரும் தண்ணில இறங்கலையா?”

“எனக்குத் தண்ணின்னா பயம். இந்தா, இந்த பெஞ்சுலதான் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். நடுவுல அப்பா மட்டும் கொஞ்ச நேரம் எழுந்து போனாரு.”

“எங்க போனீங்க ஐயா?”

“சும்மா. நடக்க.”

“எந்தப் பக்கம்?”

பெரியவர் தரையைப் பார்த்தார். இந்த மௌனத்தை இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனில் நூறு முறை பார்த்திருக்கிறாள். அதில் பாதி குற்றம், பாதி வெறும் கூச்சம். இது எந்தப் பாதி என்று பிடிபடவில்லை.

செக்யூரிட்டி ஆட்கள் எல்லோருடைய பையையும் சோதித்தார்கள். அக்காவின் தோள்பையில் கத்தரிக்கோல், அளவு டேப், ஊசிப் பெட்டி. எலெக்ட்ரீஷியனின் லாக்கரில் ஒரு மாற்றுச் சட்டை. அப்பா லாக்கரே எடுக்கவில்லை. “நானும் எடுக்கல. எல்லாம் இந்தப் பையிலதான் இருக்கு” என்றாள் அக்கா. பாஸ்போர்ட் எங்கும் இல்லை.

“நாலு பேருக்கும் வருட பாஸா?” இன்ஸ்பெக்டருக்கு அதுவே விசித்திரமாகப் பட்டது. “இன்னிக்கு ராத்திரி ஊரை விட்டுப் போறவளுக்கு எதுக்கு வருட பாஸ்?”

எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தான். “நாலு பேருக்கு எடுத்தா ஆஃபர் மேடம். போன மாசமே வாங்கிட்டேன். லீவுல வரும்போது ஆகும்ல? எனக்கு இந்த போன் விவகாரமெல்லாம் ஓடாது, அதான் நாலு பாஸ் டிக்கெட்டையும் இவளுக்கு அனுப்பிட்டேன்.” அவன் மனைவியைக் காட்டினான். “ஆனா எல்லாரும் இன்னிக்குத்தான் மொத தடவை வரோம்.”

அப்போதுதான் விசாரணை கவுண்டர் பெண் ஒருவழியாகப் போனை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். “மேடம், கேட்டுட்டேன்! வருட பாஸ் வாங்கின நாள்லேர்ந்து இல்ல. மொத தடவை கேட்டுல ஸ்கேன் பண்ற நாள்லேர்ந்துதான் ஒரு வருஷம். போட்டோ ஒரு மாசத்துக்குள்ள வந்து எடுத்துக்கலாம்.”

இன்ஸ்பெக்டர் அவளை முறைத்தாள். திருட்டு நடந்திருக்கும் இடத்தில் பாஸ் வியாக்கியானம் யாருக்கு வேண்டும்! முறைத்தவள் சட்டென்று நின்றாள்.

“எல்லாரும் கையைக் காட்டுங்க.”

நான்கு மணிக்கட்டுகள் நீண்டன. ஒவ்வொரு பட்டையிலும் பாஸ் முடியும் தேதி அச்சாகியிருந்தது. அப்பாவுடையது அடுத்த வருடம் இதே மாதம் பதினாலு. எலெக்ட்ரீஷியனுடையதும் அக்காவுடையதும் பதினாலு. இன்று பதினாலு, சரி. நர்ஸின் பட்டையில் மட்டும் பதினொன்று.

“மெஷின் கோளாறா இருக்கும்” என்றான் எலெக்ட்ரீஷியன்.

இன்ஸ்பெக்டர் விரல் விட்டு எண்ணினாள். போன மாதம் வாங்கிய பாஸ். வாங்கிய நாள் என்றால் போன மாதம் இருக்க வேண்டும். வந்த நாள் என்றால் இன்று இருக்க வேண்டும். இது இரண்டிலும் சேரவில்லை. பதினொன்று என்ன கிழமை? வியாழன்.

“வியாழக்கிழமை நீ எங்க இருந்தம்மா?”

“ஆஸ்பத்திரில. அன்னிக்குத்தான் கடைசி டியூட்டி. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும்.”

“இன்னிக்கு கேட்டுல உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா? எது வேணா இருக்கட்டும்.”

நர்ஸ் யோசித்தாள். “ஒண்ணுமில்ல… ஆங், பட்டை கட்டிவிட்ட பொண்ணு ‘அடுத்த தடவை மறக்காம எடுத்துட்டு வாங்க’ன்னு சொன்னா. எதைச் சொல்றான்னு எனக்குப் புரியல. கூட்டமா இருந்தது, சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.”

இன்ஸ்பெக்டர் செக்யூரிட்டியின் வாக்கி டாக்கியை வாங்கி, அந்த கேட் பெண்ணைப் பிடித்தாள்.

“ஆமா மேடம்” என்று கரகரத்தது குரல். “ஸ்கேன் பண்ணப்ப அந்த பாஸ் ஏற்கனவே தொடங்கிடுச்சுன்னு காட்டிச்சு. பழைய பட்டையை வீட்டுல விட்டுட்டாங்கன்னு நினைச்சு வேற ஒண்ணு கட்டிவிட்டேன். பழசை ரத்து பண்ணணும்… கூட்டத்துல விட்டுப் போச்சு.”

“ஒரே பாஸ்ல ஒரே நாள் ரெண்டு பேர் உள்ள வர முடியுமா?”

“முடியாது மேடம். ரெண்டாவது ஆளை கேட்டே விடாது.”

“பொம்பள பேர்ல இருக்கற பாஸ்ல ஆம்பள?”

“திரையில பேரும் ஆணா பெண்ணான்னும் வரும். விடமாட்டோம்.”

இன்ஸ்பெக்டர் வாக்கி டாக்கியைத் திருப்பிக் கொடுத்தாள். காலையிலிருந்து மூளையில் படர்ந்திருந்த புகை கலைந்தது. ஆனால் கலைந்ததும் தெரிந்த முகம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“செக்யூரிட்டி, கூட்டத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் ஓட்டுங்க. இவங்க நாலு பேர் மட்டும் இருக்கட்டும்.”

கூடம் காலியானது. ஈரத் தரையில் மின்விசிறிகளின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது.

“இந்த பாஸுக்கு ரெண்டு பட்டை இருக்கு” என்றாள் இன்ஸ்பெக்டர். “ஒண்ணு இவ கையில. இன்னொண்ணு வியாழக்கிழமை வாங்கினது. ரெண்டுல எதை வெச்சாலும் இவ லாக்கர் திறக்கும். வியாழக்கிழமை வந்தது ஒரு பொம்பள. ஏன்னா ஆம்பளையை விட்டிருக்க மாட்டாங்க. அந்தப் பொம்பள இன்னிக்கு இவ பாஸ்ல வரல, வேற பாஸ்ல வந்திருக்கா. இந்தப் பாஸ்போர்ட்டைத் தவிர எதையும் தொடல. இவளோட பாஸ் டிக்கெட் அவ போன்ல இருந்திருக்கு.”

எலெக்ட்ரீஷியன் மெதுவாகத் தன் மனைவியின் பக்கம் திரும்பினான்.

“அந்த மெஷின்ல உங்க பட்டையை ஒரு தடவை வைங்கம்மா” என்றாள் இன்ஸ்பெக்டர் அக்காவிடம். “லாக்கர் எடுக்கலன்னு சொன்னீங்க. எடுக்கலன்னா எதுவும் திறக்காது.”

அக்கா யாரோ தள்ளியதுபோல நடந்து போய் மணிக்கட்டை மெஷினில் வைத்தாள்.

கோடியில் ஒரு சின்ன கதவு டக்கென்று திறந்துகொண்டது.

உள்ளே பாஸ்போர்ட். அதன்மேல், கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டிய ஒரு பட்டை.

“அக்கா…” என்றாள் நர்ஸ்.

“திட்டம் போட்டு வரல மேடம்” என்று அக்கா இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். தங்கையைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. “வியாழக்கிழமை இவ துணியெல்லாம் பெட்டில அடுக்கினேன். அப்புறம் வீட்டுல இருக்க முடியல. தெரிஞ்சவங்க யாரும் இல்லாத இடத்துல உட்கார்ந்து அழணும்னு இருந்தது. இங்க வந்தேன். போன்ல முதல்ல எது வந்ததோ அதைக் காட்டினேன். அது இவளுதுன்னு அப்புறம்தான் பார்த்தேன். வீட்டுக்குப் போய் பட்டையை வெட்டிப் பையில போட்டுட்டேன்.”

“இன்னிக்கு?”

“அப்பா எழுந்து போனாரு. பையில கை விட்டா அது தட்டுப்பட்டது. திறக்காதுன்னு நினைச்சுத்தான் வெச்சேன். திறந்துடுச்சு. திருப்பி வெச்சிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இவ வந்து கத்திட்டா.”

“ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா!”

“சொல்லியிருந்தா நீ நின்னிருப்படி. அதனாலதான் சொல்லல.”

“அப்ப எதுக்கு எடுத்தீங்க?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

அக்கா அவளை வெறித்துப் பார்த்தாள். “தெரியல மேடம். சத்தியமா தெரியல.”

எத்தனையோ வாக்குமூலம் எழுதிய இன்ஸ்பெக்டருக்கு, இதைவிட உண்மையான ஒன்றைக் கேட்டதாக நினைவில்லை. புகார் உண்டா என்று கண்ணாலேயே நர்ஸைக் கேட்டாள். நர்ஸ் இல்லை என்று தலையாட்டிவிட்டு, ஈர உடையோடு அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்காவின் புடவை நனைந்தது. தண்ணீருக்குப் பயந்தவள் விலகவில்லை.

பெரியவர் மட்டும் ஒதுங்கி நின்றிருந்தார். நர்ஸ் தயங்கித் தயங்கி அவரிடம் போனாள்.

“அப்பா… நான் பேசினது தப்பு. நீங்க எங்கதான் போனீங்க?”

அவர் தொண்டையைச் செருமினார். “சறுக்குக்குக் கீழ, வேலிக்கு அந்தப் பக்கம் நின்னேன். நீ வர்றதைப் பார்க்கலாம்னு. வரிசை நகரவே இல்ல. திரும்பிட்டேன்.”

நர்ஸ் லாக்கரிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள். அதில் பட்ட கை ஈரத்தைத் தன் துண்டால் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

“ஏர்போர்ட் வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்பா.”

பெரியவர் வாங்கினார். சட்டைப் பைக்குள் வைத்து, மேலே உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“வண்டியை நான்தான் ஓட்டுவேன்” என்றார் மருமகனிடம். “போய்த் துணி மாத்துங்க எல்லாரும். நேரமாகுது.”