பெயரில்லாத சதை

எங்கள் துறை, மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் படியிறங்கிப் போனால் வரும் கடைசி அறை. பயிற்சியின் இரண்டாம் ஆண்டுக்காக நான் அங்கே போய்ச் சேர்ந்த காலையில், வாசலில் நின்ற காவலாளி, "பல்லு பிடுங்குறது மேல் மாடிம்மா" என்று என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். நான் பல் பிடுங்க வரவில்லை, மேலே இருப்பவர்கள் வெட்டி அனுப்பும் சதையைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பெற்ற அம்மாவுக்கே இன்னும் புரியவில்லை. போன் செய்யும்போதெல்லாம், "ஏண்டி, உன்கூடப் படிச்சவங்க எல்லாரும் கிளினிக் போட்டுட்டாங்க. நீ ஒருத்தர் வாயையாவது திறந்து பாக்குறியா?" என்பாள். வாயிலும் தாடையிலும் வரும் நோயை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, புற்றா இல்லையா என்று சொல்வதுதான் என் வேலை. நாங்கள் சொன்ன பிறகுதான் மேலே கத்தி எடுப்பார்கள். எத்தனை முறை சொன்னாலும் அம்மா கடைசியில், "அப்போ பல்லு பாக்க மாட்டியா?" என்பதில்தான் வந்து நிற்பாள்.

அந்த அறையில் பட்டப்பகலிலும் விளக்கு எரிய வேண்டும். ஜன்னல் தரையை ஒட்டி இருந்ததால், வெளியே போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். சுவரோரம் கண்ணாடி ஜாடிகளில் தாடைகள் ஊறிக் கிடக்கும். இதெல்லாம் எனக்குப் பழக்கம். பழகாதது எங்கள் துறைத் தலைவர்தான். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'இன்னும் ஆழம்'. எந்த ஸ்லைடைக் கொண்டுபோனாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் ஆழமா வெட்டிக் கொண்டா" என்று தள்ளிவிடுவார். மெழுகில் பதித்த சதையை மறுபடி மெல்லிசாகச் சீவி, சீவலை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்திச் சாயம் ஏற்றி எடுத்துப் போனால், மறுபடியும் அதே பாட்டு.

டீச்சரின் ஸ்லைடு வந்தது அப்படி ஒரு எரிச்சல் பிடித்த காலையில்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பெண். என் வயதுதான் இருக்கும். நாக்கின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. அதிலிருந்து துளி சதை எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரும்வரை பொறுக்காமல் அவளே படியிறங்கி வந்து கதவோரம் நின்றாள்.

"டாக்டர், நான் கத்தினாத்தான் என் கிளாஸ் அடங்கும். நாக்குல கை வச்சுட மாட்டீங்களே?" என்று சிரித்தபடிதான் கேட்டாள். கை மட்டும் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"பாத்துட்டுச் சொல்றேன் டீச்சர். பயப்படாதீங்க" என்றேன்.

பார்த்தேன். சதை சுத்தமாக இருந்தது. வெறும் தடிப்பு, வேறொன்றுமில்லை. ஆனால் அதே ஸ்லைடின் மூலையில், தனியாக, இன்னொரு துணுக்கு. அதில் அப்பட்டமான புற்று. புத்தகத்தில் படம் போடலாம், அப்படி ஒரு புற்று.

இது எங்கள் தொழிலில் நடக்கும் தவறு. ஒருவருடைய சீவலில் இருந்து பிரிந்த துணுக்கு தொட்டி நீரில் மிதந்து, அடுத்தவருடைய கண்ணாடியில் ஏறிக்கொள்ளும். 'ஃப்ளோட்டர்' என்போம். கவனிக்காமல் விட்டால், யாரோ ஒருவரின் நோய்க்கு இன்னொருவரின் நாக்கு போய்விடும்.

தலைவரிடம் ஓடினேன்.

"ஃப்ளோட்டர்னு நீ எப்படிச் சொல்ற? அந்தப் பொண்ணோடதாவே இருந்தா?" என்றார். "நாளைக்கு அவளைப் பத்தி சர்ஜன்கிட்ட பேசணும். புத்துன்னா பாதி நாக்கை எடுக்கணும். தொட்டியைக் கழுவி, இன்னும் ஆழமா வெட்டிக் கொண்டா."

"எம்மேல பழி போடாதீங்க மேடம், தொட்டியைக் காலையிலதான் கழுவினேன்" என்றார் எங்கள் டெக்னீஷியன் லேப் அண்ணன், நான் திரும்பி வந்து வாயைத் திறப்பதற்கு முன்பே. நானே மறுபடி கழுவினேன். புது பிளேடு மாட்டினேன். புது நீர் ஊற்றினேன். ஆழமாக வெட்டினேன்.

துணுக்கு இருந்தது.

முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக.

மதியத்திற்குள் எனக்கு வெறி பிடித்துவிட்டது. அன்றைக்கு வந்த மற்றவர்களின் ஸ்லைடுகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு கிழவரின் ஈறு, ஒரு டிரைவரின் உதடு, தாடைக்குள் இருந்த ஒரு நீர்க்கட்டி. எல்லாவற்றின் மூலையிலும் அந்தத் துணுக்கு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு பகுதி. ஒன்றில் சுவை மொட்டுகள். ஒன்றில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தசை. அப்படிப் பின்னிய தசை, வாயில் வேறெங்கும் கிடையாது.

நாக்கு. யாருடையதோ நாக்கு, துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஒரு வெற்று மெழுகுக் கட்டியை எடுத்தேன். உள்ளே சதை என்பதே இல்லாத, வெறும் மெழுகு. அதையும் அதே தொட்டியில் மிதக்கவிட்டு, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். ஜன்னலில் கால்கள் போய்க்கொண்டிருந்தன.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. லென்ஸில் ஆவி படிந்திருந்தது. துடைத்தேன். மறுபடி படிந்தது. அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஃபார்மலின் இல்லை, மெழுகு இல்லை. ஆறாத புண் இருக்கும் வாயின் வாடை. நோயாளியின் முகத்தருகே குனிந்த எந்தப் பல் டாக்டருக்கும் அது தெரியும்.

வெதுவெதுப்பாக ஒரு மூச்சு என் கழுத்தில் பட்டது.

நான் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. கண்ணை லென்ஸிலேயே வைத்திருந்தேன்.

வெறும் மெழுகின் நடுவில் அது இருந்தது.

சாயம் ஏறிய, செத்த சதை.

அது சுருங்கியது.

நாற்காலி பின்னால் சாய நான் எழுந்தேன். அறையில் யாரும் இல்லை. ஸ்லைடுகளை எல்லாம் தட்டோடு அள்ளிக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனேன். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது வெறும் மெழுகுங்கற?"

"ஆமா சார்."

"வெறும் மெழுகுல சதை எப்படிம்மா வரும்? ஏதோ ஒரு பழைய கட்டியை மாத்தி எடுத்திருக்க."

"நான் மாத்தல சார்! நீங்களே வந்து வெட்டிப் பாருங்க. அந்த ரூம்ல யாரோ இருக்காங்க!"

கத்திவிட்டேன் என்பது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவருடைய முகத்தில் ஏனோ ஆச்சரியமும் இல்லை.

"சரி. இத்தனை பேருக்கு ஒரே புத்து வராது. ஃப்ளோட்டர்தான். டீச்சருக்குப் புத்து இல்லைன்னு ரிப்போர்ட் போடு. துணுக்கைப் பத்தி ஒரு வார்த்தை எழுதாத. எழுதினா நம்ம லேப் பேரு நாறிடும்."

"அப்போ இது யாரோடது சார்? அவங்களுக்கு நாம என்ன சொன்னோம்?"

"பேர் இல்லாத சதைக்கு ரிப்போர்ட் கிடையாது" என்று தட்டை என் பக்கம் தள்ளினார். குரல் மட்டும் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "போம்மா. போய் எழுது."

எனக்கு அந்த நேரத்தில் டீச்சரின் நாக்கு தப்பினால் போதும் என்றிருந்தது. அந்தப் பெயர் தெரியாத ஆளை நினைத்து ஒரு கணம் நெஞ்சு உறுத்தியது, மறுக்கவில்லை. ஆனாலும் சொன்னபடியே எழுதினேன். கையெழுத்துப் போட்டு முடித்ததும் கழுத்தில் இருந்த வெதுவெதுப்பு சட்டென்று விலகியது. மறுநாள் ஸ்லைடுகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அதற்கடுத்த நாளும். எங்கே போய்த் தொலைந்ததோ, போகட்டும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

டீச்சர் மறுபரிசோதனைக்கு வந்தபோது மேலே டாக்டர்கள் யாரும் கிடைக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். அம்மா கேட்டபடி ஒரு வாயைத் திறந்து பார்க்கப் போகிறேன் என்று சிரித்துக்கொண்டேதான் படியேறினேன். டீச்சர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்களாலதான் டாக்டர் நான் இன்னைக்குப் பேசிட்டிருக்கேன்."

"புண்ணு, வலி ஏதாவது இருக்கா டீச்சர்?"

"வலியெல்லாம் இல்ல." கொஞ்சம் தயங்கினாள். "சொன்னா சிரிக்கக் கூடாது. நான் சும்மா இருக்கறப்பவும் நாக்கு தானா அசையுது டாக்டர். தூக்கத்துல பேசறேன்னு வீட்டுக்காரர் சொல்றார். என் குரல் மாதிரியே இல்லையாம்."

வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தை விலக்கி, விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தேன். சதை எடுத்த இடம் ஆறியிருந்தது. இளஞ்சிவப்பாக, ஆரோக்கியமான நாக்கு. அதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

பிறகு அந்த வாடை வந்தது.

டீச்சர் அசையாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் விரியத் திறந்தே இருந்தன. நாக்கு மட்டும் மெல்ல எழுந்து, மேலண்ணத்தைத் தேடி மடங்கியது. பிறகு பல்லின் பின்புறத்தைத் தொட்டது. உதடு ஒட்டாமல் சொல்லிவிடக்கூடிய ஒரு சொல், யாருடையதோ கிழிந்த குரலில், என் முகத்துக்கு நேராக வந்தது.

"எழுது."

என் கையிலிருந்த, வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடி தரையில் விழுந்தது. டீச்சர் பதறி வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன டாக்டர்? நல்லாத்தானே இருக்கு?"

அவளுடைய சீட்டு என் முன்னால் இருந்தது. என்ன எழுதுவேன்? அந்தச் சதைக்கு உரிய சொல்லை இந்தச் சீட்டில் எழுதினால், மேலே இருப்பவர்கள் இவளுடைய நாக்கைத்தான் வெட்டுவார்கள். எழுத வேண்டிய பெயர் யாருடையது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆத்திரத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது.

"நல்லா இருக்கு டீச்சர்" என்று, நலம் என எழுதிக் கொடுத்தேன்.

அவள் நிம்மதியாகப் புன்னகைத்தாள். மூடிய உதடுகளுக்குப் பின்னால், அவளுடைய கன்னம் உள்ளிருந்து மெல்லப் புடைத்துப் புடைத்து அடங்கிக்கொண்டிருந்தது.