லைவில் வந்த ரெஜின்

"ஆ...!"

ரெஜினின் இடது கை மோதிர விரல், முந்திரிக்கொட்டை மாதிரி உடைந்தது.

நெய்வேலியில் காலியாகக் கிடந்த பழைய குவார்ட்டர்ஸ். உள்பக்கம் தாழ். நாற்காலியோடு கட்டப்பட்டிருந்த ரெஜினின் உதட்டிலிருந்து ரத்தம் சொட்டியது.

எதிரே தனகோட்டி. சுரங்கத்துக்குக் கான்ட்ராக்டில் ஆள் சப்ளை செய்பவர். வெள்ளைச் சட்டையில் ரத்தம் தெறிக்காத தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வெரல்தான் போச்சு தம்பி. மிச்சத்தயாவது வூட்டுக்குக் கொண்டுகினு போ. பாஸ்வேர்ட சொல்லு."

"சொல்ல மாட்டேன்..."

அடியாள் அறிவழகனின் இரும்புக் கம்பி முழங்காலில் இறங்கியது.

'வளவனுக்கு நீதி!' ரெஜின் நடத்தும் ஃபேஸ்புக் பக்கம்.

சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட்டில் சிக்கிச் செத்த தொழிலாளி வளவனை, 'என் ஆளே இல்லை' என்று கைகழுவினார் தனகோட்டி. அவர் கம்பெனிச் சட்டையோடு வளவன் வேலை செய்யும் வீடியோவை ரெஜின் போட்டான். நாற்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். நாளை டவுன்ஷிப் நுழைவாயிலான ஆர்ச் கேட்டில் கூடுகிறார்கள். கூடினால்... தனகோட்டியின் கான்ட்ராக்ட் காலி!

"பாஸ்வேர்டே வேணாம்ணே. இவன் வெரல வெச்சா போன் தொறந்துக்கும்" என்றான் அறிவழகன்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா?"

"நீங்க கேக்கலியேண்ணே."

"ஒடையாத வெரலா பாத்து வை."

'போராட்டம் ரத்து' என்று அறிவழகன் தட்டினான்.

யாரும் நம்பவில்லை. 'ரெஜின் லைவ்ல வந்து சொல்லட்டும்' என்று கமெண்ட்டுகள் குவிந்தன.

தனகோட்டி மணி பார்த்தார்.

"லைவ்லயே சொல்லட்டும். மொத ஷிப்ட் வுடற நேரம். உள்ள போன் கெடையாது. வெளிய வந்ததும் அத்தினி பேரும் போனத்தான் எடுப்பான். கூட்டம் எப்ப வரும்னு தெரிஞ்சாதான்டா யாவாரம்."

"நான் பேச மாட்டேன்" என்றான் ரெஜின்.

"ஜெனிஷா தையல் கிளாஸ் முடிஞ்சு பஸ் ஸ்டாப்புல நிக்குமே... கூட்டியாரச் சொல்லட்டா?"

ரெஜின் தலை குனிந்தான். மனைவியின் பெயர் இரும்புக் கம்பியைவிட ஆழமாக இறங்கியிருந்தது.

முகத்தைத் துடைத்தார்கள். கையில் துணி சுற்றினார்கள். வெளிச்சத்துக்காக நாற்காலியைத் திருப்பினார்கள்.

"நான் ரெஜின் பேசறேன். நாளைக்கு யாரும் வர வேணாம். போராட்டம் வாபஸ். நான்... நல்லாருக்கேன்."

லைவ் முடிந்தது.

"வுட்டுடலாமாண்ணே?"

"முடிச்சுடு."

"அண்ணே?"

"மொதல்லயே கொன்னுருந்தா இவன் பேருலயும் ஒரு பேஜ் ஆரம்பிச்சுருப்பானுவ. இப்ப? காச வாங்கிகினு ஓடிட்டான்னு அவனுவளே சொல்லுவானுவ. எவனும் தேட மாட்டான்."

நைலான் கயிறு ரெஜினின் கழுத்தைச் சுற்றியது. இறுகியது. கண்கள் பிதுங்கின. கால்கள் தரையை உதைத்தன...

தனகோட்டி ரெஜினின் போனிலேயே கமெண்ட்டுகளை ரசித்துப் படித்தார்.

"'துரோகி'... நல்லா கேளு தம்பி. 'எவ்ளோ வாங்குன?'... அப்பறம் எவளோ சண்முகப்பிரியாவாம், துபாய்லேருந்து. 'பின்னாடி செவுத்துல இருக்கற மயில் நான் ஸ்கூல் படிக்கறப்ப வரைஞ்சது. அது நாங்க இருந்த...'"

நிறுத்தினார். திரும்பினார். அறிவழகனின் பிடி தளர்ந்தது.

ரெஜினின் தலைக்குப் பின்னால், மங்கிய கிரேயானில் ஒரு மயில்!

பண்ருட்டிக்காரரான தனகோட்டிக்கு அது வெறும் காலி வீடு. ஆனால் புரமோஷன் வந்தால் வேறு வீடு, ரிட்டயர் ஆனால் காலி என்று குடும்பங்கள் மாறிக்கொண்டே இருக்கும் நெய்வேலியில், எந்தச் சுவரும் யாரோ ஒருவர் வளர்ந்த சுவர்.

கமெண்ட்டுகள் ஓடின.

'அந்த வூடு இப்ப பூட்டியிருக்கே?'

'ரெஜின் கையில என்ன துணி?'

'எந்த பிளாக்?'

'இருபத்தெட்டு. தண்ணி டேங்க் தெரு, கடைசி வூடு.'

'ஷிப்ட் வுட்டாச்சு. வந்துகினே இருக்கோம்.'

வெளியே ஒரு பைக் சத்தம். பத்து. நூறு...

"அண்ணே, பின்னாடி வழி இருக்கா?" அறிவழகனின் கையிலிருந்து கயிறு நழுவியது. ரெஜின் இருமினான். ரத்தம் துப்பினான். மூச்சு இழுத்தான்.

தனகோட்டி ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தார்.

தெரு முழுக்க ஹெல்மெட்டுகள். கதவில் முதல் உதை விழுந்தது!

ஊருக்கெல்லாம் ஆள் சப்ளை செய்த தனகோட்டிக்கு, அன்றுதான் முதன்முதலாக ஆள் டெலிவரி ஆகியிருந்தது. கமிஷன் இல்லாமல்... வீடு தேடி!