காலியாக விட்ட கட்டம்

வாடகைக்குக் குடிவந்த தெருக்கோடி வீட்டுக்குள் கால் வைத்ததும் அவள் சமையலறையைப் பார்க்கவில்லை, குழாயைத் திறந்து பார்க்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று ஒரு தடவை கையைத் தட்டினாள். தடித்த சுவர்கள் சத்தத்தை அப்படியே விழுங்கிக்கொண்டன.

"குண்டூசி விழுந்தாக்கூட பதிவாகும் மேடம். வருஷக்கணக்கா பூட்டிக் கெடந்த வீடு, அதான் கொஞ்சம் வாடை அடிக்குது" என்றார் ஒலிப்பதிவாளர். மைக்கையும் கணினியையும் உள்ளறையில் பொருத்திக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார். ஈரச் சுண்ணாம்பு வாடை மட்டும் கிளம்பவில்லை.

படக் கம்பெனியில் அவளுக்கு மொழிக்காரி என்று பட்டப்பெயர். கதையில் வரும் இல்லாத ஊர்களுக்கு, இல்லாத மொழிகளைச் செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. ஒலி, சொல், இலக்கணம் எல்லாம் அவள் கைவேலைதான். "இருக்கிற மொழியில எங்கிட்ட நாலு வார்த்தை பேசமாட்டே, புதுசா ஒண்ணு கேக்குதா உனக்கு?" என்று புருஷன் கேலி பண்ணுவான். அந்த மனுஷன் லாரியில் அடிபட்டுப் போய் ஏழு மாசம் ஆகிறது. ஒருநாள்கூட அவளுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட தாடை மாதிரி, உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

அன்றிலிருந்து ஐந்து வயது மகள் சிட்டு வாயே திறக்கவில்லை. டாக்டர்கள் தொண்டையில் கோளாறில்லை என்றார்கள். "தானா பேசுவா, பொறுங்க." பொறுத்தாள். வேறென்ன செய்வாள்? அந்தக் குழந்தை ஒரே ஒரு முறை அம்மா என்று சொல்லிவிட்டால் போதும், தனக்கும் உயிர் வந்துவிடும் என்று நம்பினாள்.

இந்த முறை வந்த வேலை, செத்தவர்கள் பேசும் மொழி. அவள் யோசித்தாள். செத்தவனுக்கு வெளியே விட மூச்சு ஏது? அதனால் எல்லாச் சொல்லையும் மூச்சை உள்ளே இழுத்தபடியே சொல்ல வேண்டும் என்று விதி வைத்தாள். சொல்லின் கடைசியில் ஏ வந்தால் உன்னையும் சேர்த்து. ஓ வந்தால் உன்னை விட்டுவிட்டு. 'லுவே' என்றால் நாம்.

சொற்பட்டியலில் அதற்குப் பக்கத்துக் கட்டம், நாங்கள்.

அங்கே கை நின்றுவிட்டது. தினமும் சாயங்காலம் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு பூங்கா ஊஞ்சலுக்குப் போகும்போது, அவன் வாசலில் நின்று "நாங்க போயிட்டு வரோம்" என்பான். கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் அவள் ம் கொட்டுவாள். சிட்டு காய்ச்சலில் படுத்திருந்த அன்றைக்கு மட்டும் தனியாகப் போனான், திரும்பி வரவில்லை.

கட்டத்தைக் காலியாகவே விட்டாள். செத்தவர்கள் யாரையும் ஒதுக்குவதில்லை, அதனால் இந்தச் சொல் கிடையாது என்று இயக்குநருக்குக் குறிப்பு எழுதினாள். நல்ல பொய். இயக்குநர் பிரமாதம் என்று பதில் போட்டார்.

பகலெல்லாம் உள்ளறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தாள், பதிவானதை அன்றன்றைக்கு ஒலிப்பதிவாளருக்கு அனுப்பினாள். உள்ளிழுத்துப் பேசினால் நாக்கு உலரும், நெஞ்சுக்குள் சில்லென்று இறங்கும். சிட்டு கதவோரம் உட்கார்ந்து பாசிமணி கோத்துக்கொண்டிருப்பாள். சில சமயம் கோப்பதை நிறுத்திவிட்டு, சுவரை அண்ணாந்து பார்த்துத் தலையாட்டுவாள். குழந்தை என்னவோ விளையாடுகிறது என்று விட்டுவிட்டாள்.

பத்தாம் நாள் மத்தியானம் ஒலிப்பதிவாளர் போன் செய்தார்.

"மேடம், 'லுவோ'ன்னா என்ன அர்த்தம்? பட்டியல்ல காணோமே."

"அப்படி ஒரு சொல்லே இல்லையே சார்."

"மூணு இடத்துல வருது. சின்னப் புள்ளைக் குரல்ல."

"சிட்டுவா? ஐயோ சார், எம்பொண்ணு பேசிட்டாளா?" ஏழு மாசத்துக்கு அப்புறம் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவள் போட்ட விதிப்படி அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. எந்தச் சொல்லாய் இருந்தால் என்ன, பிள்ளை பேசிவிட்டாள்!

மறுமுனையில் அவர் பதிவை மறுபடி ஓட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"மேடம்... குழந்தை சொல்றதுக்கு முன்னாடி ஒருத்தர் சொல்லிக் கொடுக்கிறாரு. ஆம்பளைக் குரல். வீட்ல யாரு இருக்கா?"

போன் கையிலிருந்து நழுவியது.

கதவோரம் பாசிமணி சிதறிக் கிடந்தது. சிட்டு இல்லை.

கூடத்துக்கு ஓடினாள். வாசல் கதவு திறந்திருந்தது. நிலைப்படியில் சிட்டு செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள். வலது கை தலைக்கு மேலே நீண்டிருந்தது, விரல்கள் எதையோ இறுகப் பிடித்திருந்தன. அங்கே யாரும் இல்லை.

சிட்டு திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தெள்ளத் தெளிவாகப் பேசினாள்.

"அம்மா, நாங்க போயிட்டு வரோம்."

ஏழு மாசம் காத்திருந்த அந்த 'அம்மா' அவள் காதில் ஏறவே இல்லை. 'நாங்க' மட்டும்தான் ஏறியது.

பாய்ந்து இடது கையைப் பிடித்து இழுத்தாள்.

குழந்தை வரவில்லை.

வலது கை தெருப்பக்கம் விறைத்து நீண்டது. செருப்பு தரையில் தேய்ந்தது. சுண்ணாம்பு வாடை குப்பென்று அடித்தது.

"விட்ருங்க," என்று கதறினாள். "உங்க கால்ல விழறேன், எனக்கு இவளை விட்டா யாரு இருக்கா?"

"ரெண்டு பேரும் இழுக்காதீங்க," சிட்டு அழுதாள். "வலிக்குது."

அவனுக்குத் தமிழ் கேட்கவில்லை என்று அவளுக்குப் பட்டது. கேட்கும் மொழி ஒன்றுதான். அவள் செய்து கொடுத்தது.

நெஞ்சு கொள்ளும் மட்டும் மூச்சை உள்ளே இழுத்தாள்.

"லுவே."

உன்னையும் சேர்த்து.

பிடி சட்டென்று தளர்ந்தது. சிட்டு அவள் மேல் வந்து விழுந்தாள். கதவு தானாக, மெதுவாக, உள்பக்கமாகச் சாத்திக்கொண்டது.

சிட்டு இப்போது ஓயாமல் பேசுகிறாள். பள்ளிக்கூடத்தில் வாயாடி என்று பேர் வாங்கிவிட்டாள். மொழிக்காரி வேலையை விட்டுவிட்டாள். அந்தப் பட்டியலை அழித்தாள், வீட்டை மாற்றினாள். புது வீட்டில் வெயில் நன்றாக அடிக்கிறது, சுவரெல்லாம் புதுப் பூச்சு. ஆனாலும் ஈரச் சுண்ணாம்பு வாடை வருகிறது. அவளுக்குப் பயம் வருவதில்லை. அழுகையும் வருவதில்லை. அன்று மத்தியானம் கண்ணில் முட்டியதோடு சரி, மறுபடி எல்லாம் மரத்துவிட்டது.

நேற்று மத்தியானம் சாப்பாட்டு மேசையிலிருந்து சிட்டு கூப்பிட்டாள். "அம்மா, நாம சாப்பிடலாமா? அப்பா எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருப்பாரு?"

மூன்றாவது தட்டைத் துடைத்துக்கொண்டே அவள் பதில் சொன்னாள்.

"வரேன்."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தாள். மூச்சு உள்ளே போயிருந்தது.