டோக்கன் நம்பர் ஜீரோ

“டோக்கன் நம்பர்... ஜீரோ!”

மருந்துக்கடைச் சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கி கூப்பிட்டதும், வாசலில் மழையில் நின்ற பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொற்றுக்காலம்... ஆளுக்கு ஆறடி இடைவெளி. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அதில் ஒரு ஜோடிக் கண்கள் சிரித்தன.

மழையில் நனைந்த தலையோடு அவன் படியேறி வந்தான். கையிலிருந்த துண்டுச்சீட்டில் கொட்டை எழுத்தில் ஒரு பூஜ்ஜியம்.

கடை மேஜைக்குப் பின்னால் நின்ற அவள் காய்ச்சல் பார்க்கும் கருவியை அவன் நெற்றிக்கு நேரே நீட்டினாள். தொண்ணூற்றேழு புள்ளி ஆறு. இமையில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஆண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு நீள இமை... என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் அவன் வாயைத் திறந்தான். அதோடு எல்லாம் கெட்டது.

“இந்த டோக்கன் புரோகிராம் எழுதினது யாருங்க?”

“ஏன் கேக்கறீங்க?”

“கம்ப்யூட்டர்தாங்க ஜீரோவிலிருந்து எண்ணும். மனுஷன் ஒண்ணுல இருந்துதானே எண்ணுவான்? வெளியில காட்டும்போது ஒண்ணைக் கூட்டணும். இதுகூடத் தெரியாம எழுதியிருக்காரே... சின்னப் பசங்க பண்ற தப்பு!”

சந்தோஷமாகத்தான் சொன்னான். ஆனால் கேட்டவர்களில் அவளுடைய அண்ணனும் இருந்தான். கடை அண்ணனுடையது. ‘அட்டையில நம்பர் எழுதிக் கொடுத்தா ஆகாதா?’ என்று காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்தவன், இப்போது பெரிதாகக் கனைத்தான்.

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

“எழுதினது நான்தான். நாலு விஷயம் தெரிஞ்சா நாலு பேர் முன்னாடி ஒருத்தரை மட்டம் தட்டணுமா? உங்களை மாதிரி ஆளுங்களாலதான் புதுசா கத்துக்கறவங்க தலைதெறிக்க ஓடறாங்க. தயவுசெஞ்சு யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்துடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

அந்தக் கண்களில் சிரிப்பு அணைந்தது. “மன்னிச்சுக்குங்க...” என்று முணுமுணுத்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போனான். அவனுக்காக அண்ணன் எடுத்துவைத்த மாத்திரைப் பொட்டலம் மேஜையிலேயே கிடந்தது.

“நல்லா வியாபாரம் பண்றே, போ” என்றான் அண்ணன்.

மதியம் மாடியறைக்கு வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தாள். மனசு சரியில்லை என்றால் அவளுக்குப் போக ஒரே ஓர் இடம்தான் இருந்தது.

இதே அறையில்தான் அந்தப் பதினான்கு நாட்களும் தனியாகக் கிடந்தாள். ஊரெல்லாம் வருடக் கடைசி விடுமுறை. அவளுக்கு மட்டும் காய்ச்சல். தட்டைக் கதவருகே வைத்துவிட்டு அண்ணி ஓடிவிடுவாள். பொழுது போகாமல் புரோகிராம் எழுதப் பழகலாம் என்று ஓர் இணையக் குழுவில் சேர்ந்தாள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, கேட்கவும் கூடாது. இவள் ‘இருமல் டானிக்’. இவள் கேட்ட நூற்றுக்கணக்கான அசட்டுக் கேள்விகளுக்கும் அலுக்காமல் பதில் சொன்னவன் ‘அரைத்தூக்கம்’.

திரையை ஃபோனில் கோணலாகப் படம்பிடித்துப் போட்டு ‘ஏன் வேலை செய்யவில்லை?’ என்று கேட்டபோதுகூட அவன் திட்டவில்லை. ‘தலையைச் சாய்த்துப் படித்துவிட்டேன், கழுத்து சுளுக்கிக்கொண்டது. அடுத்த முறை எழுத்தாகப் போடுங்கள்’ என்றான். எந்தக் கேள்விக்கும் அவனுடைய முதல் வரி ஒன்றுதான்: ‘முதலில் சூடு எவ்வளவு, சொல்லுங்கள். அப்புறம்தான் பதில்.’

நூற்றிரண்டு என்று அவள் எழுதிய அன்று அவன் பாடம் நடத்தவில்லை. சாயங்காலம்வரை கூடவே இருந்து மொக்கை ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் அவள்... சரி, அதை அவள் தனக்கே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.

விடுமுறை முடிகிற நாளில் அந்தக் குழுவில் ஒரு வழக்கம். உதவிய ஒருவருக்கு எல்லோரும் பார்க்க நன்றி எழுத வேண்டும். ஐந்து மணிக்கு அந்தப் பக்கத்தைப் பூட்டிவிடுவார்கள். இன்றுதான் அந்த நாள். அவள் ஏற்கெனவே பதினோரு முறை எழுதி அழித்திருந்தாள். எப்படி எழுதினாலும் அது காதல் கடிதமாகவே வந்து தொலைத்தது.

பக்கத்தைத் திறந்தாள். முதல் வரியிலேயே தூக்கிவாரிப்போட்டது.

‘இது என் கடைசிப் பதிவு. இன்று ஒரு மருந்துக்கடையில் எனக்கு டோக்கன் ஜீரோ கிடைத்தது. நம்ம ஆள் யாரோ எழுதியிருக்கிறார் என்ற குஷியில் வாய்த்துடுக்காகப் பேசிவிட்டேன். எழுதியவர் எதிரிலேயே நின்றார். யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள் என்றார். நியாயம்தான். எல்லோருக்கும் நன்றி. இருமல் டானிக், மழை பெய்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். – அரைத்தூக்கம்.’

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது இரண்டு நுணல்.

அடப்பாவி... ஜீரோவிலிருந்து எண்ணு, ஜீரோவிலிருந்து எண்ணு என்று பதினான்கு நாளும் ஓதியவனே நீதானே! ஒன்றைக் கூட்டு என்று ஒரு நாளாவது சொன்னாயா? அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் அவளுக்கு விக்கலே எடுத்தது.

பதில் எழுதினால் அவன் நிற்பான். ஆனால் எழுதினால், அந்த வாயாடிக் கடைக்காரி இவள்தான் என்று குழு முழுக்கத் தெரிந்துவிடும். மணி நாலே கால்.

விக்கல் சத்தம் கேட்டு அண்ணி தண்ணீரோடு வந்து எட்டிப் பார்த்தாள். “என்னடி ஆச்சு?”

சொன்னாள். அண்ணி கண்ணை அகல விரித்தாள்.

“அந்தப் பதினாலு நாளும் கதவுக்கு அந்தப் பக்கம் தனியா சிரிச்சுக்கிட்டே இருந்தியே... அது இந்த ஆளாலதானா? நான் காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேனே!”

“அண்ணீ! மானம் போயிடும், அண்ணி.”

“நாலு பேர் முன்னாடிதானே திட்டினே? நாலு பேர் முன்னாடியே மன்னிப்புக் கேளு. மானத்தை வச்சுக்கிட்டு என்ன, ஊறுகாயா போடப் போறே?”

நாலு ஐம்பத்தாறுக்கு அவள் எழுதினாள். இந்த முறை அழிக்கவில்லை.

‘அரைத்தூக்கம் அவர்களுக்கு நன்றி. அந்தக் கடைக்காரி நான்தான். உங்களிடம் கற்றதை வைத்து எழுதிவிட்டு உங்களையே திட்டிவிட்டேன். கதவைத் தாண்ட முடியாத நாட்களில் என்னை எழுந்து உட்கார வைத்தவர் நீங்கள். போகாதீர்கள். மாத்திரை கடையில் இருக்கிறது.’

ஐந்து அடித்தது. பக்கம் பூட்டிக்கொண்டது. அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலையும் மழை. வரிசையை மேலோட்டமாகப் பார்த்தவளுக்குக் கை நின்றது. ஓரமாக, டோக்கன் எடுக்காமல், குடையில்லாமல்... அந்த இமைகள்.

விசைப்பலகையில் ஒரே ஓர் எண்ணைத் தட்டினாள்.

“டோக்கன் நம்பர்... ஜீரோ!”

“மறுபடியுமா?” அண்ணன் தலையில் கைவைத்தான். “சரிபண்ணிட்டேன்னு சொன்னியே!”

“பண்ணிட்டேன், அண்ணா. எல்லாருக்கும் ஒண்ணுல இருந்துதான். ஜீரோ இனிமே ஒரே ஒரு ஆளுக்கு.”

அவன் சட்டைப்பையிலிருந்து நேற்றைய சீட்டை எடுத்து நீட்டினான். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது.

“ஒண்ணைக் கூட்டணும்னு சொல்லிக்கொடுக்காம விட்டது என் தப்பு” என்றான். “நேத்து பதில் எழுத உட்கார்ந்தேன். அழிச்சு அழிச்சு எழுதறதுக்குள்ள பூட்டிட்டாங்க.”

“என்ன எழுதினீங்க?”

“முதல்ல சூடு எவ்வளவு, சொல்லுங்க. அப்புறம்தான் பதில்.”

அவள் கருவியைத் தன் நெற்றிக்கே திருப்பிக்கொண்டாள். “தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு.”

“உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இதைத்தான் எழுதினேன்.”

வரிசை முழுக்கக் குடையைச் சாய்த்து எட்டிப் பார்த்தது. அவள் இன்னொரு முறை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். அதே தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

“மெஷின் பொய் சொல்லுதுங்க...” என்றாள். “எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு.”